பேக் வைத்த வேக்குவமா, டப்பா வைத்த வேக்குவமா: தூசியைக் கொட்டும் நேரத்தை நினைத்து முடிவு செய்யுங்கள்

வேக்குவம் கிளீனர் வாங்கப் போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது எப்போதும் "எத்தனை வாட் வாங்கலாம்?" என்றுதான். நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன். அதில் சேரும் தூசியை உங்கள் வீட்டில் யார் கொட்டப் போகிறார்கள், எங்கே நின்று கொட்டப் போகிறார்கள்? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் பேக் உள்ளதா, பேக் இல்லாத டப்பா வகையா என்பது முக்கால்வாசி முடிவாகிவிடும். வாட், விலை, கூட வரும் பிரஷ்கள் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

எங்கள் வீடு திருப்பூரில். முன் அறையில் துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் தையல் மெஷின் இரண்டு ஓடுவதால், பஞ்சுத் தூசி வீடு முழுக்கப் பறக்கும். சீமாறு எடுத்துக் கூட்டினால் பாதி பஞ்சு காற்றில் எழும்பி, கூட்டி முடித்த இடத்திலேயே வந்து உட்காரும். அம்மாவுக்கு இளைப்பு உண்டு. அதனால்தான் வேக்குவம் பக்கம் போனோம். பதினோரு வருடத்தில் மூன்று மெஷின் பார்த்தாகிவிட்டது, அக்காவுக்கு சென்னையில் ஒன்று வாங்கிக் கொடுத்ததையும் சேர்த்தால் நான்கு.

முதல் மெஷின் ஒரு கடையில் "பேக் மெஷின்தான், தூசி வெளியவே வராது" என்று சொல்லிக் கொடுத்தது. வீட்டில் பிரித்தால் உள்ளே இருந்தது துணிப் பை. மாதம் ஒரு முறை அதைக் கழற்றி, மொட்டை மாடிக்குக் கொண்டுபோய், கவிழ்த்து உதற வேண்டும். உதறினால் பஞ்சு கீழே விழும், மாவு போன்ற நைஸ் தூசி முழுக்க நம் முகத்துக்கு வரும். ஒரு நாள் நான் ஊரில் இல்லாதபோது அம்மா தானே உதறியிருக்கிறார்கள். அன்று ராத்திரி இன்ஹேலர் இரண்டு முறை தேவைப்பட்டது. தரையிலும் மெத்தையிலும் ஒரு மாதம் உட்கார்ந்திருந்த தூசியை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து ஐந்து நிமிடத்தில் மூச்சில் இழுத்தால் வேறு என்ன ஆகும்? அந்த மெஷின் நன்றாகத்தான் இழுத்தது. சிக்கல் முழுக்க அந்த ஐந்து நிமிடத்தில்தான் இருந்தது.

அதனால் முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். பேக் உள்ளது, பேக் இல்லாதது என்று இரண்டு வகைதான் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். நம் ஊர்க் கடைகளில் உண்மையில் மூன்று வகை இருக்கிறது: கழற்றி அப்படியே குப்பையில் போடும் பேக், உதறித் துவைத்துத் திரும்ப மாட்டும் துணிப் பை, அப்புறம் பையே இல்லாமல் தூசி நேராக வந்து சேரும் டப்பா. வெளிநாட்டில் "பேக் மெஷின்தான் அலர்ஜிக்கு நல்லது" என்று சொல்கிறார்கள் என்றால் அது முதல் வகையைப் பற்றி. நம் ஊரில் விலை குறைந்த மெஷின்களோடு பெரும்பாலும் வருவது இரண்டாவது வகை. தூசி வெளியே வராமல் இருக்க வேண்டும் என்பதற்காகப் பேக் மெஷின் தேடுகிறவர்கள் துணிப் பையை வாங்கவே வேண்டாம். அதில் பேக்கின் வசதியும் இல்லை, டப்பாவின் வசதியும் இல்லை. ஆன்லைனில் "மீண்டும் பயன்படுத்தும் பை" என்று பெருமையாகப் போட்டிருப்பார்கள், அதன் அர்த்தம் இதுதான்.

உள்ளே என்ன நடக்கிறது

பேக் என்பது குப்பை சேரும் பை மட்டும் இல்லை, மெஷினின் முதல் ஃபில்டரும் அதுதான். இழுக்கும் காற்று முழுவதும் பேக்கின் சுவர் வழியாகப் புகுந்துதான் மோட்டாருக்குப் போகிறது. காற்று போகும், தூசி தங்கும். தூசி தங்கத் தங்க அந்தத் துளைகள் அடையும், இழுவை குறையும். பழைய காகிதப் பேக்கில் இது சீக்கிரம் நடக்கும். இப்போது வரும் நெய்யாத செயற்கைத் துணிப் பேக், பல அடுக்காக, தொட்டால் மெத்தென்று இருக்குமே, அது மெதுவாகத்தான் அடையும், ஈரம் பட்டாலும் காகிதம் மாதிரிச் சட்டென்று கிழியாது.

டப்பா வகை பிறந்ததே இந்த அடைப்பால்தான். இங்கிலாந்தில் ஜேம்ஸ் டைசன் என்ற கண்டுபிடிப்பாளர் தன் வீட்டு வேக்குவத்தின் இழுவை குறைந்துகொண்டே போவதைப் பார்த்து, பேக்கின் துளைகள் அடைவதுதான் காரணம் என்று கண்டுபிடித்தார். மர அறுவை ஆலையில் காற்றிலிருந்து மரத்தூளைப் பிரிக்க வைத்திருந்த பெரிய கூம்பின் தத்துவத்தையே ஒரு வேக்குவத்துக்குள் அடக்கப் பார்த்து, 5,127 மாதிரிகள் செய்த பிறகே அவருக்குச் சரியாக வந்தது. டிசி01 என்ற அவருடைய மெஷின் 1993 இல் விற்பனைக்கு வந்தது. அந்தக் கூம்பு நமக்கும் புதிதில்லை. ரைஸ் மில் கூரைக்கு மேலே தகரத்தில் ஒரு பெரிய புனல் நிற்குமே, உமியையும் தவிட்டையும் காற்றிலிருந்து பிரிப்பது அதேதான். காற்று பக்கவாட்டில் நுழைந்து வேகமாகச் சுழலும், கனமான துகள் சுவரில் மோதிக் கீழே விழும், காற்று நடுவழியாக மேலே போய்விடும்.

இதில் ஒரு சங்கதி இருக்கிறது. கனமான துகள்தான் அப்படி விழும். மிக நைஸான தூசி காற்றோடே போய் ஃபில்டரில் ஒட்டும். ஒரு பெரிய கூம்புக்கு மேலே சின்னச் சின்னக் கூம்புகள் பல வைத்த மெஷினில் நைஸ் தூசியும் ஓரளவு பிரியும், ஏனென்றால் கூம்பு சின்னதாக ஆக ஆகச் சுழற்சி கடுமையாகும். ஒரே ஒரு கூம்பு உள்ள மலிவு மெஷினில் அந்தத் தூசி எல்லாம் ஃபில்டருக்குத்தான் வந்து சேரும், பேக் அடைந்த மாதிரியே ஃபில்டர் அடையும். பேக்காக இருந்தால் தூக்கிப் போட்டிருப்பீர்கள், இதை நீங்கள் தட்டிக் கழுவ வேண்டும். "இழுவை குறையவே குறையாது" என்று டப்பா மெஷின் பெட்டியில் போட்டிருந்தால், ஃபில்டர் சுத்தமாக இருக்கும்வரை என்று சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

ஐரோப்பாவில் இந்த அடைப்பு விவகாரம் கோர்ட்டு வரைக்கும் போனது. 2014 செப்டம்பரிலிருந்து அங்கே வேக்குவம் கிளீனர்களுக்கும் மின்சாரச் சிக்கனத்தைக் காட்டும் லேபிள் ஒட்டினார்கள். ஆனால் சோதனை செய்தது காலிப் பேக்கோடு, காலி டப்பாவோடு. வீட்டில் யாரும் காலி மெஷினை ஓட்டுவதில்லை என்று டைசன் நிறுவனம் வழக்குப் போட்டது, 2018 நவம்பரில் ஐரோப்பிய யூனியனின் பொது நீதிமன்றம் அந்த லேபிள் விதியையே ரத்து செய்தது. இங்கே பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும், இழுவையைச் சொல்லும் கிலோபாஸ்கல் எண்ணையும் அதே கண்ணோடு பாருங்கள். அது சுத்தமான ஃபில்டரோடு புது மெஷினின் எண். வாட் என்பதோ மோட்டார் தின்னும் கரண்ட்டின் அளவு, தூசியை இழுக்கும் அளவு இல்லை. அதே ஐரோப்பாவில் 2017 முதல் 900 வாட்டுக்கு மேல் வீட்டு வேக்குவம் விற்பனைக்கு வரக் கூடாது என்று கட்டுப்பாடு வைத்த பிறகும் அவர்கள் வீடுகள் சுத்தமாகத்தான் இருக்கின்றன.

எந்த வீட்டுக்கு எது

வீட்டில் இளைப்பு, வீசிங், தும்மல் அலர்ஜி யாருக்காவது இருக்கிறதா? யோசிக்கவே வேண்டாம், தூக்கிப் போடும் பல அடுக்குப் பேக், அதோடு வெளியேறும் காற்றுக்கு, மிக நைஸான தூசியையும் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர். அக்கா வீட்டைச் சுற்றி மேடவாக்கத்தில் மூன்று பக்கமும் அடுக்குமாடி கட்டுகிறார்கள், அவள் பையனுக்கு வீசிங். அவளுக்கு இந்த வகைதான் வாங்கிக் கொடுத்தேன். முதல் முறை பேக் மாற்றியதும் போன் செய்தாள்: "வாயை மூடி அப்படியே குப்பையில போட்டுட்டேன்டா, கையில தூசியே படல." அந்த ஒரு வேலைக்காகத்தான் பேக்குக்குக் காசு கொடுக்கிறோம். பேக்கின் வாயில் இழுத்து மூடும் ஒரு தகடு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், அது இல்லாத பேக்கைக் கழற்றும்போது கொஞ்சம் கொட்டும்.

ஹெப்பா என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது. 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதம் பிடிக்க வேண்டும் என்பது அமெரிக்க அளவுகோல், ஐரோப்பிய ஹெச்13 வகைக்கு 99.95 சதவீதம். "ஹெப்பா மாதிரி", "ஹெப்பா டைப்" என்றெல்லாம் எழுதியிருந்தால் அந்த அளவுகோலுக்கு உட்பட்டது இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஃபில்டர் நல்லதாக இருந்தும் அதைச் சுற்றி ரப்பர் பட்டை சரியாக உட்காரவில்லை என்றால் காற்று பக்கவாட்டு இடுக்கு வழியாகத் தூசியோடு வெளியேறும். வீட்டில் ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு மெஷினை ஓட்டி, மூடியின் இடுக்குகளில் டார்ச் அடித்துப் பாருங்கள். வெளிச்சக் கோட்டில் தூசி பறந்தால் அங்கே கசிவு.

மெத்தைக்காக வாங்குகிறவர்களுக்கு இன்னொன்று. வேக்குவம் மெத்தையிலிருந்து தூசியையும், அலர்ஜிக்குக் காரணமான தூசிப்பூச்சியின் எச்சத்தையும் எடுக்கும். உயிரோடு இருக்கும் பூச்சி நார்களைப் பிடித்துக்கொண்டு அங்கேயே இருக்கும். விரிப்பையும் தலையணை உறையையும் 60 டிகிரி வெந்நீரில் துவைப்பதையும் சேர்த்துச் செய்தால்தான் பலன். இலவம் பஞ்சு மெத்தை என்றால் பிரஷை அழுத்தித் தேய்க்காதீர்கள், தையல் விட்ட இடத்தில் பஞ்சையே உருவிவிடும்.

அலர்ஜி இல்லாத வீடு, தினமும் ஓட்டுவீர்கள், நீளமான தலைமுடி, பஞ்சு, நாய் பூனை முடி அதிகம் என்றால் டப்பாதான் வசதி. முடியும் பஞ்சும் கனம் கம்மி, இடம் மட்டும் நிறைய அடைக்கும், பேக்கை மளமளவென்று நிரப்பிவிடும். எங்கள் வீட்டில் ஓவர்லாக் அறைக்கு இரண்டாவது மெஷினாகப் பேக் உள்ளதைத்தான் வைத்திருந்தோம், பத்துப் பன்னிரண்டு நாளுக்கு ஒரு பேக் போனது, கட்டுப்படியாகவில்லை. இப்போது டப்பா மெஷின், தினமும் சாயங்காலம் நான்தான் கொட்டுகிறேன், அம்மாவை அந்தப் பக்கம் விடுவதில்லை. டப்பாவின் நடுவே இருக்கும் வலைக்கூட்டைச் சுற்றிப் பஞ்சு நூல் மாதிரி இறுகிக்கொள்ளும், அதைக் கையால் உருவ வேண்டும். அந்த வலை எளிதாகக் கழன்று வருகிறதா என்பதைக் கடையிலேயே பார்த்துவிடுங்கள்.

சாப்பாட்டு மேசைக்கு அடியில் சோற்றுப் பருக்கை, மிக்சர், பிஸ்கட் தூள் எடுக்கிற குழந்தைகள் வீட்டிலும் டப்பாதான் என் தேர்வு. பேக்கில் போன தின்பண்டம் அது நிரம்பும்வரை, அதாவது ஒன்றரை இரண்டு மாதம், உள்ளேயே கிடக்கும். நம் ஊர்ச் சூட்டுக்கும் புழுக்கத்துக்கும் நாற்றம் வரும், எறும்பு வரும், ஹோஸ் வழியாகக் கரப்பான் குட்டி வந்ததையும் பார்த்திருக்கிறேன். பேக் மெஷினேதான் வேண்டும் என்றால், சாப்பாட்டுத் துணுக்கை முதலில் கையால் அள்ளிவிடுங்கள்.

வயதானவர்கள் தனியாக இருக்கும் வீட்டுக்குப் பேக். ஃபில்டரைக் கழற்றிக் கழுவிக் காயவைத்து மாட்டும் வேலை அவர்களுக்கு வேண்டாம், பிள்ளைகள் வரும்போது பேக்கை மாற்றிவிட்டுப் போகலாம்.

வீட்டில் டைல்ஸ் வெட்டினார்கள், சுவருக்குப் பட்டி தேய்த்தார்கள், டிரில் போட்டார்கள் என்றால் அந்தத் தூசிக்கு இரண்டுமே வேண்டாம். சிமென்ட், பட்டித் தூள் பேக்கையும் அடைக்கும், கூம்பையும் தாண்டும், ஃபில்டரைச் சில நிமிடத்தில் மொத்தமாக மூடிவிடும். டிரம் வைத்த, ஈரமும் இழுக்கும் மெஷினை வாடகைக்கோ வேலைக்காரர்களிடமோ வாங்கிப் பயன்படுத்துங்கள். கோலப்பொடி, விபூதி, சிந்திய மைதா எல்லாம் சின்ன அளவில் அதே ரகம்தான். ஈரத்துணியால் துடைத்தால் ஒரு நிமிட வேலை. சாம்பிராணிச் சாம்பலை எந்தக் காரணத்துக்கும் இழுக்காதீர்கள், ஆறின மாதிரித் தெரியும் கரியில் உள்ளே கனல் இருக்கும், அது பேக்கிலோ டப்பாவில் சேர்ந்த பஞ்சிலோ போய் விழுந்தால் காற்று வேறு ஊதிவிடும், தீப்பிடிக்கும்.

காசு கணக்கு

பேக் மெஷின் வாங்கும் விலையில் முடிவதில்லை. உங்கள் மாடலுக்கான பேக்கின் விலையை முதலில் தேடுங்கள், மெஷினின் விலையை அப்புறம் பாருங்கள். ஒரு பேக் 150 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், இரண்டு மாதத்துக்கு ஒன்று வீதம் வருடம் 900, ஐந்து வருடத்தில் 4,500. இது டப்பா மெஷினுக்கு இல்லை என்று நினைக்கிறோம், ஆனால் ஹெப்பா ஃபில்டரும் ஒரு நாள் மாற்ற வேண்டியதுதான், கழுவக்கூடியது என்றாலும் கழுவக் கழுவத் தேயும். அதன் விலையும் கிடைக்குமா என்பதும் சேர்த்துப் பாருங்கள். இரண்டையும் போட்டுப் பார்த்தால் வித்தியாசம் நினைத்த அளவுக்குப் பெரிதாக இருக்காது.

காசைவிட எனக்குப் பயம் பேக் கிடைக்காமல் போவதுதான். கம்பெனி அந்த மாடலை நிறுத்திவிட்டால் இரண்டு வருடத்தில் பேக் தேடி அலைய வேண்டும். எல்லா மாடலுக்கும் பொருந்தும் என்று விற்கும் பேக்கின் வாய் அட்டை ஒரு விரற்கடை மாறினாலும் போதும், தூசி பேக்குக்குப் பதிலாக மெஷினின் வயிற்றுக்குள் போகும். அதனால் ஒரே அளவுப் பேக்கைப் பல மாடலுக்கும் பல வருடமாகப் பயன்படுத்தும் கம்பெனியாகப் பார்த்து வாங்குங்கள். ஆன்லைனில் அந்தப் பேக் இன்று எத்தனை இடத்தில் கிடைக்கிறது என்று தேடினாலே தெரிந்துவிடும். சின்ன ஊரில் இருப்பவர்களுக்கு இதுவே பெரிய கேள்வி.

கையில் பிடிக்கும் கம்பி இல்லாத ஸ்டிக் வகை வேண்டும் என்றால் தேர்வு ஏற்கெனவே முடிந்துவிட்டது, கடையில் கிடைப்பவை கிட்டத்தட்ட எல்லாமே டப்பாதான். ரோபோ மெஷினும் அப்படியே. ஆனால் ரோபோ தானாகப் போய்த் தன் டப்பாவைக் காலி செய்துகொள்ளும் நிலையம் இருக்கிறதே, அதில் பல மாடல்களில் உள்ளே இருப்பது தூக்கிப் போடும் பேக்.

கடையில் நின்று பார்க்க வேண்டியவை

மெஷினை ஓட்டிக் காட்டச் சொல்வதைவிட, திறந்து காட்டச் சொல்லுங்கள். டப்பாவாக இருந்தால் நீங்களே கழற்றி, கொட்டுவது மாதிரிச் செய்து, திரும்ப மாட்டுங்கள். பட்டனை அழுத்தினால் அடிமூடி திறந்து கீழே விழும்படி இருந்தால் நல்லது, மேலே திறந்து கவிழ்க்க வேண்டியது என்றால் தூசி கையில் படும். பேக் மெஷின் என்றால் பேக் இல்லாமல் மூடி மூடுகிறதா என்று பாருங்கள். மூடாது என்றால் நல்ல மெஷின், மறந்துபோய் பேக் இல்லாமல் ஓட்ட முடியாது. ஃபில்டர் எங்கே இருக்கிறது, எத்தனை இருக்கிறது, எதைக் கழுவலாம் எதைக் கழுவக் கூடாது என்று கேளுங்கள், கடைக்காரர் சொல்வதோடு நிற்காமல் உள்ளே இருக்கும் புத்தகத்திலும் பாருங்கள். பிளக்கையும் கவனியுங்கள். வீட்டில் ஹாலில் இருக்கும் சின்ன 6 ஆம்ப் சாக்கெட் 230 வோல்ட்டில் 1,380 வாட் வரைதான் தாங்கும், 1,600 வாட் மெஷினுக்குப் பெரிய பிளக் வேண்டும், அது பெரும்பாலும் சமையலறையிலும் ஏசி பக்கத்திலும்தான் இருக்கும்.

வாங்கிய பிறகு

பேக்கை முக்கால் நிரம்பியதும் மாற்றுங்கள். காசை மிச்சம் பிடிக்க பேக்கின் அடியை வெட்டிக் கொட்டிவிட்டு ஸ்டேப்ளர் அடித்து மாட்டுகிறவர்கள் உண்டு, தயவுசெய்து செய்யாதீர்கள். அந்த இடுக்கு வழியாகப் போகும் தூசி நேராக மோட்டாருக்குப் போகும். வீட்டு உபயோக உலர் மெஷின்களில் பெரும்பாலும் இழுக்கும் காற்றேதான் மோட்டாரைக் குளிர்விக்கிறது. பேக்கோ ஃபில்டரோ அடைந்தால் காற்று குறையும், மோட்டார் சூடாகும், பாதுகாப்பு சுவிட்ச் இருந்தால் தானாக நிற்கும், இல்லாவிட்டால் மோட்டாரின் கம்பிச் சுருள் கருகும். ஓடிக்கொண்டிருக்கும்போது சத்தம் திடீரென்று கீச்சென்று உயர்ந்தால் எங்கேயோ அடைத்திருக்கிறது என்று அர்த்தம், உடனே நிறுத்திவிட்டு ஹோஸிலிருந்து பார்த்துக்கொண்டு வாருங்கள்.

கழுவும் ஃபில்டரைச் சாதாரணத் தண்ணீரில், சோப்பு போடாமல், சுத்தமான பக்கத்திலிருந்து அழுக்குப் பக்கமாகத் தண்ணீர் போகும்படி கழுவுங்கள். காய 24 மணி நேரம் என்று புத்தகத்தில் இருக்கும், ஐப்பசி கார்த்திகையில் சென்னையில் அது இரண்டு நாளாகும், நிழலில் ஃபேனுக்கு அடியில் வைத்தால் நல்லது. லேசான ஈரத்தோடு மாட்டினால் ஒரு வாரத்தில் பூஞ்சை நாற்றம் அடிக்கும், அந்தக் காற்றை வீடு முழுக்க ஊதிக்கொண்டிருப்பீர்கள். இன்னொரு செட் ஃபில்டர் வாங்கி வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போடுவது மழைக்காலத்தில் மிகப் பெரிய நிம்மதி.

டப்பாவைக் கொட்ட நான் செய்வது இது: மாஸ்க் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வெளியே, காற்று முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நின்று, பழைய செய்தித்தாளில் கொஞ்சம் தண்ணீர் தெளித்து விரித்து, டப்பாவின் வாயைக் காகிதத்தை ஒட்டினாற்போல வைத்துத்தான் மூடியைத் திறப்பேன். ஈரக் காகிதத்தில் நைஸ் தூசி ஒட்டிக்கொள்ளும், பறக்காது. டப்பாவைத் தரையில் தட்டாமல், ஒரு நிமிடம் அப்படியே விட்டுவிட்டு, காகிதத்தை நான்கு பக்கமும் மடித்துச் சுருட்டிக் குப்பையில் போட்டுவிடுவேன்.